கள்ளுக்கடையும் மருந்தறையும்

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று மட்டும் இன்றைக்கும் நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. எதிரே துரை வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது அது. கேட்பவர் யாருக்கும் உடனே உறைக்கும் கோரிக்கை. அதனாலேயே மற்ற வரிகள் அதன் நிழலில் மறைந்துவிட்டன.

பட்டியல் நீளமானது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி. கொடுமை செய்யும் ஊழியர்களை நீக்குவது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி. பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது. பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு முடிவு. சொந்தக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி. சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை. இவற்றுக்கு நடுவே இரண்டு வரிகள் உண்டு. ஒன்று, முறையான மருத்துவ வசதி வேண்டும். இன்னொன்று, கள்ளுக்கடைகளை மூட வேண்டும்.

இந்த இரண்டையும் வரலாற்று நூல்கள் தனித்தனியாகவே வாசிக்கின்றன. மருத்துவம் நலன் சார்ந்தது, கள் ஒழுக்கம் சார்ந்தது என்பதுபோல. நான் வரலாறு படித்தவன் இல்லை. உள்ளூர் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல் முடித்துவிட்டு, ஷா ஆலாமில் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வேலையில் இருக்கிறேன். என் கண்ணுக்கு இவை இரண்டும் ஒரே கோரிக்கையாகத் தெரிகின்றன. ஏனென்றால் கள்ளுக்கடையில் வாங்கியதும் மருந்தறையில் வாங்கியதும் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான். அது கல்லீரல். அதை அறிவியல் புரிந்துகொள்ள அந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நம் வீடுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

முதலில் அந்த வேலைநிறுத்தம். 'தமிழ் நேசன்' நாளிதழில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியாகத் தொழிலாளர்களைத் திரட்டினார். 1941 மே மாதத் தொடக்கத்தில் அவர் கைதுசெய்யப்பட்டார். கைதைக் கண்டித்து வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. அரசு நெருக்கடிநிலை அறிவித்துப் படையை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அந்த வருடம் டிசம்பரில் ஜப்பானியர் வந்து இறங்கியதும், கோரிக்கைப் பட்டியல் வேறொரு காலத்துக்குரிய காகிதமாகிவிட்டது.

கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள் குடிக்கும் தொழிலாளர்களைச் சேர்ந்தவர்கள்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களில் குடித்தவர்களும் இருந்திருப்பார்கள். தோட்டத்தில் கள்ளுக்கடை என்பது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சீரழிவு இல்லை. அது தோட்ட அமைப்பின் ஒரு பகுதி. உரிமம் பெற்ற கடை, அரசுக்கு வருமானம், கூலியில் ஒரு பங்கு வாங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே செலவாகும் ஏற்பாடு. கள்ளில் சத்து இருக்கிறது, அதைத் தடுத்தால் கள்ளத்தனமாகக் காய்ச்சும் சம்சுவுக்குப் போய்விடுவார்கள் என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். போருக்குப் பிறகு 1947இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. போலீஸ் தடியும் துப்பாக்கியும்தான் பதிலாக வந்தது. குடும்பம் நடுத்தெருவில் நிற்கிறது என்பதுதான் அந்த இயக்கங்கள் முன்வைத்த நியாயம். உண்மையான நியாயம். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு சொல் அதிகம் வரவில்லை. வலி.

என் பாட்டி காப்பார் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்பே பிரட்டுக்குப் போய், இருட்டில் மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, பிறகு பால் வாளிகளைக் காண்டாவில் மாட்டித் தோளில் சுமந்து வருவது அவர் வேலை. தாத்தா சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போவதைப் பற்றிக் கேட்டால் பாட்டி திட்டுவார். திட்டி முடித்த பிறகு, "தோளு இறங்கிப் போயிருக்கும்யா, என்ன பண்ணுவாரு மனுசன்" என்பார். மருந்தறையைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார். "டிரசர்கிட்ட தலைவலின்னாலும் அதே மாத்திரை, இடுப்புவலின்னாலும் அதே மாத்திரை. குடுத்துட்டு நாளைக்கு வேலைக்கு வந்துடணும்பாரு." வலியை நீக்கும் இரண்டு இடங்களும் தொழிலாளியை மறுநாள் பிரட்டுக்கு அனுப்புவதற்காகவே இருந்தன என்பதைப் பாட்டி இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்.

அந்த மாத்திரையின் வரலாற்றை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1886இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் கான், ஹெப் என்ற இரண்டு மருத்துவர்கள் குடற்புழுவுக்காக ஒரு நோயாளிக்கு நாப்தலீன் கொடுக்க முயன்றார்கள். மருந்துக்கடையில் தவறிப்போய் வேறொரு பொருள் வந்துவிட்டது. புழு போகவில்லை, காய்ச்சல் இறங்கியது. அந்தப் பொருள் அசிட்டனிலைடு. சாயத் தொழிலில் கிடைக்கும் மலிவான பொருள் அது. ஆனால் சாப்பிட்டவர்களுக்கு உதடும் நகமும் நீலம் பாய்ந்தன. அதனால் அதன் உறவுப் பொருள்களைத் தேடினார்கள். அடுத்த ஆண்டே பெனாசெட்டின் கண்டறியப்பட்டு, ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தின் மூலம் சந்தைக்கு வந்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த பாராசிட்டமோலை அமெரிக்க வேதியியலாளர் மோர்ஸ் 1870களின் பிற்பகுதியிலேயே ஆய்வகத்தில் உருவாக்கியிருந்தார். 1893இல் வான் மெரிங் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பெனாசெட்டினைவிட இது ஆபத்தானது என்ற முடிவுக்கு வந்தார். அரை நூற்றாண்டு அது அலமாரியிலேயே கிடந்தது.

ஆக, இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வலிக்கு ஓடிய மாத்திரை ஆஸ்பிரின், பெனாசெட்டின், காபீன் மூன்றும் கலந்த ஏபிசி மாத்திரை. பிரிட்டிஷ் ராணுவ முகாம்களிலும் மருந்தறைகளிலும் சர்வ சாதாரணமாகப் புழங்கியது. 1940களின் முடிவில் நியூயார்க்கில் புரோடி, ஆக்செல்ராட் என்ற இருவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். பெனாசெட்டினை விழுங்கினால் உடம்பு அதைப் பெரும்பாலும் பாராசிட்டமோலாக மாற்றிவிடுகிறது. வலியைக் குறைப்பது அந்தப் பாராசிட்டமோல்தான். அதாவது ஏபிசி மாத்திரை சாப்பிட்ட எல்லாரும், அந்தப் பெயரையே கேள்விப்படாமல், பாராசிட்டமோலைத்தான் தங்கள் கல்லீரலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பெனாசெட்டின் நெடுநாள் சாப்பிட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பது பிறகு தெரியவந்து, பல நாடுகள் அதைத் தடைசெய்தன.

இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு பாராசிட்டமோலுக்கு மறுவாழ்வு கிடைத்தது. 1955இல் அமெரிக்காவில் டைலனோல். 1956இல் பிரிட்டனில் பனடோல். ஆஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்கும், இது ஆக்காது என்பதுதான் அதன் பெரிய தகுதி. அது உண்மையும்கூட. பனடோல் என்ற வணிகப்பெயர் மலேசியாவில் வலி மாத்திரைக்கே பெயராகிவிட்டது. "ரெண்டு பனடோல் போட்டுப் படு" என்பது நம் வீடுகளில் ஒரு வாக்கியம் இல்லை, ஒரு பழக்கம்.

மலாயாவில் அது பரவிய அதே பத்தாண்டுகளில் தோட்டங்கள் உடைந்துகொண்டிருந்தன. முதலில் துண்டாடல். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை. பிறகு செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம். லயத்தை விட்டு வெளியேறியவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், பிறகு அடுக்குமாடிகளுக்கும் வந்தார்கள். மருந்தறையும் டிரசரும் தோட்டத்தோடு போனார்கள். மருந்தறையின் இடத்தில் மளிகைக்கடை வந்தது. யாரையும் கேட்காமல், யாரும் எதையும் கேட்காமல், பத்து மாத்திரை உள்ள அட்டையை வாங்கிக்கொள்ளலாம். கள்ளுக்கடையின் இடத்தில் சம்சு வந்தது. கள் ஏறக்குறைய பீர் அளவு போதை. சம்சு அதைவிடப் பல மடங்கு கடுமையானது, அப்போது சின்னச் சின்ன பாட்டிலில் மலிவாகக் கிடைத்தது. முன்பு இரண்டையும் தோட்ட நிர்வாகம் தன் கணக்கில் வைத்திருந்தது. இப்போது இரண்டுமே யார் கணக்கிலும் இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். ரயில்வே தொழிலாளர்கள் வாழ்ந்து உருவான இடம் அது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால், பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்களுக்குப் பேர்போனது. அவற்றைத் தாண்டி நாட்டு மருந்துக்கடை, நவீன மருந்தகம், மதுக்கூடம், மளிகைக்கடை. வலி நீக்குவதற்கான ஒரு முழு அங்காடியே அங்கே விரிந்திருக்கிறது. வாடிக்கையாளர் பெரும்பாலும் ஒரே மனிதர்தான். கடைகள்தான் வேறுவேறு.

கல்லீரலைப் பற்றிய செய்தி 1966இல் எடின்பரோவிலிருந்து வந்தது. டேவிட்சன், ஈஸ்ட்ஹாம் என்ற மருத்துவர்கள் பாராசிட்டமோலை அளவுக்கு மீறி விழுங்கிய இருவரின் மரணத்தைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பதிவுசெய்தார்கள். இருவரின் கல்லீரலும் அழிந்திருந்தது. வயிற்றுக்குப் பாதுகாப்பானது என்று பத்தாண்டுகளாக விற்ற மருந்து இது. ஏன் அப்படி ஆகிறது என்பதை 1973இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தைச் சேர்ந்த மிட்செல், ஜோலோ குழுவினர் விளக்கினார்கள். பாராசிட்டமோலின் பழைய கதையில் வந்த அதே புரோடியும் அந்தக் குழுவில் ஒருவர்.

அவர்கள் சொன்னதை என் தொழில் மொழியில் சொல்கிறேன். தொழிற்சாலையிலிருந்து அமிலக் கழிவு வந்தால், காரம் சேர்த்து நடுநிலையாக்கிய பிறகுதான் வெளியே விடுவோம். காரத் தொட்டியில் இருப்பு உள்ளவரை வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. அளவி எல்லாம் சரியென்றுதான் காட்டும். இருப்பு தீர்ந்த நிமிடத்திலிருந்து குழாய் அரிக்க ஆரம்பிக்கும். கல்லீரலிலும் இதுவே நடக்கிறது. நாம் விழுங்கும் பாராசிட்டமோலில் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் வேறு வழியில் போய், நாப்கி என்று சுருக்கமாக அழைக்கப்படும் நச்சுப்பொருளாகிறது. குளூட்டாதயோன் என்ற பொருள் உடனே அதைப் பிடித்து நடுநிலையாக்கிவிடும். அதுதான் நம் காரத் தொட்டி. ஆய்வக விலங்குகளில் அந்த இருப்பு சுமார் 70 விழுக்காடு குறைந்த பிறகே கல்லீரல் செல்கள் சாகத் தொடங்கின. அதற்குமுன் ஒன்றுமே தெரியவில்லை.

இங்கேதான் குடி உள்ளே வருகிறது. அதன் வேலை இரண்டு பக்கமும் நடக்கிறது. நாள்தோறும் அதிகம் குடிப்பவரின் கல்லீரலில், பாராசிட்டமோலை நச்சாக மாற்றும் அந்த நொதி அதிகமாக உருவாகிறது. மறுபக்கம் குளூட்டாதயோன் இருப்பு குறைகிறது. அதற்கான மூலப்பொருள் சாப்பாட்டிலுள்ள புரதத்திலிருந்து வர வேண்டும். நிறையக் குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. வரும் கழிவு கூடுகிறது, தொட்டியில் காரம் குறைகிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு திருப்பமும் உண்டு. ரத்தத்தில் மது இருக்கும் நேரத்தில் அந்த நொதி மதுவை எரிப்பதிலேயே மும்முரமாக இருக்கும். பாராசிட்டமோல் பக்கம் திரும்ப அதற்கு நேரமில்லை. மது வடிந்த பிறகு, பெருகிய நொதி வேலையில்லாமல் காத்திருக்கும். அதாவது ஆபத்தான நேரம் குடித்துக்கொண்டிருக்கும் இரவு மட்டும் இல்லை. மறுநாள் காலை. தலை வெடிக்கிறது, வயிறு காலி, சாப்பிடப் பிடிக்கவில்லை, ரெண்டு பனடோல். மதியம் இன்னும் ரெண்டு. நம் ஊரில் இதைவிடச் சாதாரணமான காட்சி உண்டா?

1980களில் மருத்துவ இதழ்களில் ஒரு புதிய சொற்றொடர் புழங்கத் தொடங்கியது. தமிழில் அதைச் 'சிகிச்சைவழி விபத்து' என்று சொல்லலாம். சாகும் எண்ணத்தில் விழுங்கியவர்கள் இல்லை இவர்கள். பல்வலி, முதுகுவலி, காய்ச்சல் என்று வலிக்காகச் சாப்பிட்டவர்கள். வழக்கமாகக் குடிப்பவர்கள். 1995இல் சிம்மர்மன், மேட்ரி என்ற இரண்டு கல்லீரல் மருத்துவர்கள் இப்படிப்பட்ட 67 பேரின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். அவர்களில் பத்தில் நான்கு பேர் அளவில், ஒரு நாளைக்கு அனுமதிக்கப்பட்ட 4 கிராமைத் தாண்டவே இல்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்துபோனார்.

அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு வழக்கு. வெள்ளை மாளிகையில் முன்பு வேலை பார்த்த ஒருவர், இரவு உணவோடு ஒயின் குடிக்கும் பழக்கமுள்ளவர், சளிக்காய்ச்சலுக்குச் சில நாள் டைலனோல் சாப்பிட்டார். மயக்கநிலைக்குப் போய், கல்லீரல் மாற்று அறுவைக்குப் பிறகுதான் பிழைத்தார். எச்சரிக்கை அட்டையில் இல்லை என்று நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார். நடுவர் குழு அவருக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கியது. 1998இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் புதிய விதியைக் கொண்டுவந்தது. தினமும் மூன்றோ அதற்கு மேலோ மதுபானம் அருந்துபவர், இதைச் சாப்பிடலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று அட்டையிலேயே அச்சிட வேண்டும். வெள்ளை மாளிகையில் வேலை பார்த்தவரின் கல்லீரல் கெட்டபோது அட்டையில் எச்சரிக்கை வந்தது. அதே எச்சரிக்கை தேவைப்பட்ட தொழிலாளர்கள் உலகமெங்கும் இருந்தார்கள், நம் தோட்டங்களிலும் இருந்தார்கள். அவர்களின் மரணச் சான்றிதழில் குடி என்ற காரணமே போதுமானதாக இருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த அபாயத்தின் அளவு பற்றி மருத்துவர்களிடையே விவாதம் உண்டு. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், குடியை அப்போதுதான் நிறுத்திச் சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு இரண்டு நாள் தினமும் 4 கிராம் பாராசிட்டமோல் கொடுத்துப் பார்த்தார்கள். கல்லீரலில் குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் தெரியவில்லை. சிகிச்சைவழி விபத்து எனப்படுபவற்றில் பலர் தாங்கள் சொன்னதைவிட அதிகம் சாப்பிட்டிருப்பார்கள் என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். எப்போதாவது குடிப்பவர், காய்ச்சலுக்கு ரெண்டு மாத்திரை போட்டதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டிய கூட்டணி வேறு: தினக்குடி, வெறும் வயிறு, நாள்கணக்கில் மாத்திரை. இவை மூன்றும் சேரும்போதுதான்.

பனடோல் ஆபத்து என்று கேள்விப்பட்டு வேறு வலி மாத்திரைக்குத் தாவுவதும் தீர்வாகாது. ஆஸ்பிரின், ஐபுபுரோபன், டைக்ளோபெனாக் வகையறா குடியோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். ஏற்கெனவே கல்லீரல் சுருங்கியவருக்குச் சிறுநீரகமும் கெடலாம். அதனால்தான் கல்லீரல் நோயாளிக்குக்கூட, அளவைக் குறைத்துப் பாராசிட்டமோலையே கொடுக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். வழக்கமாக நிறையக் குடிப்பவர் ஒரு நாளைக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்குக்கு மேல் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. அதையும் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுவிட்டுத்தான். சளி மாத்திரை, காய்ச்சல் தூள் இவற்றிலும் பாராசிட்டமோல் ஒளிந்திருக்கும். எண்ணும்போது அதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

எண்ணுவது என்று சொன்னேன். என் பெரிய மாமா போர்ட் கிள்ளானில் கொள்கலன் லாரி ஓட்டுபவர். முதுகுத்தண்டில் தேய்மானம். வண்டியை விட்டு இறங்கியதும் குடி, காலையில் வண்டி ஏறும் முன் பனடோல். இப்படிப் பல வருடம். ஒரு தீபாவளி முடிந்த வாரத்தில் சளிக்காய்ச்சல் வந்து நான்கைந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கண் மஞ்சளித்த பிறகுதான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். மருத்துவர் மூன்று கேள்விகள் கேட்டார். எவ்வளவு குடிப்பார், என்னென்ன மாத்திரை சாப்பிட்டார், கடைசியாக எப்போது ஒழுங்காகச் சாப்பிட்டார். முதல் கேள்விக்கு அத்தை உடனே பதில் சொன்னார். எத்தனை பாட்டில், எந்தக் கடையில், எந்த நாளில் கடன் சொன்னார் என்பது வரை அத்தையிடம் கணக்கு இருந்தது. இரண்டாவது கேள்விக்கு, "பனடோல்தான் டாக்டர், வேற ஒன்னுமில்ல" என்றார். எத்தனை என்று மருத்துவர் மறுபடி கேட்டார். பதில் இல்லை. மாமாவின் மகன் லாரிக்குப் போய் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்திலிருந்த காலி அட்டைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிவந்தான். தாதியர் மேசையில் வைத்து எண்ணினார்கள்.

நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். அதன் பெயர் அசிட்டைல்சிஸ்டீன். குளூட்டாதயோனை மறுபடி உருவாக்கத் தேவையான மூலப்பொருளை அது உடம்புக்குத் தருகிறது. காலியான காரத் தொட்டியை நிரப்புவது மாதிரி. 1970களில் பிரெஸ்காட் என்ற மருத்துவர் இந்தச் சிகிச்சையை நிலைநாட்டியதும் எடின்பரோவில்தான். முதல் மரணங்கள் பதிவான அதே நகரம். ஒரேயடியாக அதிகம் விழுங்கியவருக்கு முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அநேகமாக முழுப் பாதுகாப்பு. சிக்கல் என்னவென்றால், முதல் நாளில் குமட்டலைத் தவிர ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் தேறியதுபோலக்கூட இருக்கும். கல்லீரல் கெட்டது வெளியே தெரிவதற்குள் இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். ஆகவே அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. காலி அட்டையோடு உடனே போக வேண்டும்.

மாமா பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பிய பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "இனிமேலாவது குடியை விடு." சரியான வாக்கியம்தான். ஆனால் முதுகு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிசியோதெரபிக்கு எழுதிக்கொடுத்த சீட்டு, விடுப்பு கிடைக்காததால், பல மாதம் பணப்பையிலேயே மடிந்து கிடந்தது.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். உள்ளூர்க்காரர்களோடு வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இருந்தார்கள். சில நாள் செய்தி, சோதனை, கைது. பிறகு அடங்கியது. மெத்தனால் மரணத்தில் குற்றவாளி ஒருவரைக் காட்ட முடியும், போலி மதுவை விற்றவர். பனடோலும் குடியும் சேர்ந்து கெடுக்கும் கல்லீரலுக்கு அப்படி ஒரு குற்றவாளி இல்லை. மதுவும் சட்டபூர்வம், மாத்திரையும் சட்டபூர்வம். பழி முழுவதும் படுக்கையில் கிடப்பவர்மேல் விழுகிறது. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லக் குடும்பம் கூச்சப்படுவதும் இதனால்தான். குடியை மறைத்தால் கேள்வியே தவறாகிவிடும். மாத்திரையை எண்ணாவிட்டால் பதில் தவறாகிவிடும்.

நான் வாங்கிப் பார்த்த அட்டைகளில் எச்சரிக்கை மலாயிலும் ஆங்கிலத்திலும் பொடி எழுத்தில் இருக்கிறது, தமிழில் இல்லை. தமிழில் இருந்திருந்தாலும் மாமா படித்திருப்பாரா என்பது வேறு கேள்வி. ஆனால் நம் சமூகத்தில் குடியைப் பற்றிய பேச்சு எழுபது எண்பது வருடமாகத் தமிழில்தான் நடக்கிறது. மேடையில், கோயிலில், கருமக்கிரியை வீட்டில். அந்தப் பேச்சில் மாத்திரையைப் பற்றி ஒரு வரி சேர்த்தால் போதும், பாதிப் பேருக்குச் செய்தி போய்விடும். காலையில் வெறும் வயிற்றில் போடாதே. நாலுக்கு மேல் போகாதே. எத்தனை போட்டாய் என்று யாரிடமாவது சொல்லி வை.

1941இல் நாதனும் தோழர்களும் எழுதிய பட்டியலுக்குத் திரும்புகிறேன். அவர்களுக்கு நாப்கி தெரியாது, குளூட்டாதயோன் தெரியாது. பாராசிட்டமோல் அன்று கடைக்கே வரவில்லை. ஆனால் வேலை நேரத்தைக் குறை, நல்ல மருத்துவம் கொடு, கள்ளுக்கடையை மூடு என்று மூன்றையும் ஒரே தாளில் எழுதத் தெரிந்திருந்தது. குடியை மட்டும் நிறுத்தச் சொல்லி அவர்கள் தொழிலாளியிடம் போகவில்லை. முதுகை ஒடிக்கும் பத்து மணி நேரத்தையும், அந்த வலிக்கு நியாயமான மருத்துவத்தையும் சேர்த்து முதலாளியிடம் கேட்டார்கள். வலி எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மாமாவுக்கு இப்போது வேறு ஓட்டுநர்களும் இதே மாதிரி மாத்திரை போடுவது கண்ணில் படுகிறது. துறைமுக வரிசையில் வண்டி நிற்கும்போது அடுத்த வண்டிக்காரரிடம் போய்க் கேட்பாராம், "இன்னிக்கு எத்தன போட்ட?" குடியைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லையாம். கேட்டால் பொய் சொல்வார்கள், மாத்திரைக்கு யாரும் பொய் சொல்வதில்லை என்கிறார்.